துரை சீட்ல இருக்காரா?

எனக்குச் சம்பளம் கொடுப்பதே உட்கார்ந்திருப்பதற்காகத்தான்!

காலை பத்து மணிக்கு நாற்காலியில் விழுந்தால் மாலை ஐந்தே முக்காலுக்குத்தான் எழுந்திருப்பேன். நடுவில் இரண்டு டீ, ஒரு சாப்பாடு, நாலைந்து வம்பு. திருச்சியில் ஓர் அலுவலகம். அதில் நான் ஒரு 'சீட்'. ஆமாம் ஸார், ஆபீஸில் மனிதனுக்குப் பெயர் கிடையாது. சீட்டுதான். 'இந்த ஃபைல் எந்த சீட்?' 'அந்த சீட் இன்னிக்கு லீவு.' 'சீட்ல ஆள் இல்லை, நாளைக்கு வாங்க.' பதினாலு வருட சர்வீஸில் நான் தேய்த்து முடித்த நாற்காலிகள் மூன்று.

இப்படிப்பட்ட ஒரு நிபுணனைப் பார்த்து, "உங்களுக்கு உட்காரத் தெரியுமா?" என்று ஒரு அம்மாள் கேட்டார். பதிலையும் அவரே சொன்னார். "தெரியாது!"

அந்தக் கதைதான் இது. கதாநாயகன் நானில்லை. என் அக்கா பையன். ரேஷன் கார்டில் அவனுக்கு வேறு பெயர். வீட்டில் நாங்கள் கூப்பிடுவது 'துரை' என்று. காரணம், துரைக்கு எல்லாமே இருக்கிற இடத்துக்கு வந்தாக வேண்டும். சோறு, தண்ணீர், பொம்மை, டி.வி. ரிமோட்... அவராக எங்கேயும் போக மாட்டார். அவராக உட்காரவும் மாட்டார்.

'மாட்டார்' என்றா சொன்னேன்? தப்பு. 'முடியாது.' இந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவே உள்ள தூரம் எனக்குப் புரிவதற்கு நாலு வருடம் பிடித்தது.

கிரகணத்தின் மேல் பழி

அக்காவை லால்குடியில் கொடுத்திருக்கிறது. 2020 பிப்ரவரியில், ஏழாம் மாதம் முடிந்த கையோடு துரை அவசரமாகப் பிறந்துவிட்டான். பிறந்ததும் அழவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் கொரோனா ஊரடங்கு. 'எல்லாம் திறக்கட்டும், டாக்டரிடம் காட்டலாம்' என்று நாட்கள் ஓடின. எட்டு மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை. கையைப் பிடித்துத் தூக்கினால் தலை பின்னால் தொங்கியது. ஒன்றரை வயதில் டாக்டர் பெயர் வைத்தார்: செரிபரல் பால்ஸி. தமிழில், மூளை முடக்குவாதம்.

அக்காவின் மாமியார் அதற்கு முன்பே தீர்ப்பு எழுதி முடித்திருந்தார். "மாசமா இருக்கறவ கிரகணத்தன்னிக்கு வாசப்படி தாண்டலாமா? நான் அப்பவே சொன்னேன் தம்பி!"

2019 டிசம்பர் 26-ம் தேதி வளையச் சூரிய கிரகணம். தமிழ்நாட்டில் நன்றாகவே தெரிந்தது. அக்கா கொடியில் காய்ந்த துணியை எடுக்க வெளியே வந்தாளாம். நான் அன்று மொட்டை மாடியில் ஸ்பெஷல் கண்ணாடி போட்டுக்கொண்டு கிரகணம் பார்த்தவன். என்னை யாரும் எதுவும் சொல்லவில்லை. அக்கா பதில் பேச மாட்டாள். துரையைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவாள்.

அவளுக்காகவே கொஞ்சம் படித்தேன். லண்டன் டாக்டர் வில்லியம் ஜான் லிட்டில் 1861-ல் இந்தக் குழந்தைகளைப் பற்றி விரிவாகப் பேசினார். குறைமாதம், கஷ்டமான பிரசவம், மூச்சுத் திணறல் ஆகியவைதான் காரணம் என்றார். 1897-ல் இதே விஷயத்தைப் பற்றி ஒரு தடிப் புத்தகம் எழுதி, 'அவ்வளவு சுலபமில்லை ஐயா, கர்ப்பத்திலேயே ஏதோ கோளாறு நேர்ந்து, அதனால்கூடப் பிரசவம் சிக்கலாகியிருக்கலாம்' என்று மறுத்தவர் யார் தெரியுமா? கனவுகளுக்குப் பலன் சொன்ன அதே ஃபிராய்ட்! மூளை வளர்கிற பருவத்தில், கருவிலோ பிரசவத்திலோ பிறந்த புதிதிலோ, அது அடிபடுகிறது. ஆயிரம் குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு இப்படி. காரணப் பட்டியல் நீளமானது. அதில் எந்த இடத்திலும் கொடியில் காய்ந்த துணி இல்லை.

கோளாறு தசையில் இல்லை என்பதுதான் முக்கியம். நம் ஆபீஸ் பாஷையில் சொல்வதானால், ஊழியர்கள் நல்லவர்கள். மேலிடத்து சர்க்குலர்தான் குழப்பம். ஒரு தசைக்கு 'இறுக்கு, இறுக்கு' என்று பத்துத் தடவை உத்தரவு வரும். பக்கத்துத் தசைக்கு ஒரு உத்தரவும் வராது. துரைக்குக் கால் இரண்டும் முறுக்கிய கயிறு. முதுகும் கழுத்தும் தொளதொள.

சுவர் மூலையில் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைத்தால், ஐந்தே நிமிடத்தில் தோசை மாவு மாதிரி வழிந்து தரைக்கு வந்துவிடுவான். குக்கர் விசில் அடித்தால் போதும், உடம்பு முழுக்கப் பலகை மாதிரி விறைக்கும். சாப்பாடு? அக்கா காலை நீட்டி உட்கார்ந்து, கால் மேல் அவனை மல்லாக்கப் போட்டு, குழைத்த சாதத்தை ஸ்பூனில் விடுவாள். இரண்டு வாய்க்கு ஒரு தரம் புரையேறும். ஒரு வேளைச் சோற்றுக்கு ஒன்றரை மணி நேரம். ஒரே வருடத்தில் இரண்டு தடவை நிமோனியா.

"வளர்ற பிள்ளை ஸார்!"

2023 தீபாவளி போனஸ் வந்தது. மாமா (அக்காவின் கணவர்) அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறார். அவரால் முடியாது. சரி, தாய்மாமன் சீராக ஒரு சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று கடைக்குப் போனேன். பையனை அழைத்துப் போகவில்லை. சட்டை வாங்கவே அழைத்துப் போவதில்லை, நாற்காலிக்கு எதற்கு?

கடைக்காரர் கேட்டார்: "பையனுக்கு என்ன வயசு?"

"நாலு ஆகப்போகுது."

"வளர்ற பிள்ளை ஸார்! ரெண்டு சைஸ் பெருசா எடுங்க. பத்து வருஷம் வரும்."

நியாயமாகப் பட்டது. என் பள்ளிக்கூட யூனிஃபார்ம் எல்லாமே இந்தத் தத்துவத்தில் தைத்ததுதான். ஆறாம் வகுப்பில் எடுத்த டிரவுசர் எட்டாம் வகுப்பில்தான் சரியாக இருந்தது!

லால்குடியில் நாற்காலிக்குக் குங்குமம் வைத்து, சூடம் கொளுத்தி, துரையை ஏற்றினோம். தொட்டில் துணி மாதிரித் தொய்ந்த சீட். அதில் அவன் மூழ்கிப் போனான். இடுப்பு முன்னால் சறுக்கியது. தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். சறுக்காமலிருக்க நான் ஒரு துண்டை எடுத்து நெஞ்சோடு சேர்த்துக் கட்டினேன். சமையலறையில் விசில் அடித்தது. அவன் விறைத்து எம்ப, துண்டு மேலே ஏறிக் கழுத்துக்கு வந்துவிட்டது. முகம் சிவந்து கத்தினான். அக்கா ஓடிவந்து அவிழ்த்தாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என்னக்கா இவ்ளோ பிடிவாதம் பிடிக்கிறான்!"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருக்கலாம்.

அன்று முதல் அந்த நாற்காலியில் துவைத்த துணி உட்கார்ந்திருந்தது.

மேஜை மேல் ஒரு பரீட்சை

அடுத்த தை மாதம் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாளைப் பற்றித் தெரிய வந்தது. துரையை அழைத்துக்கொண்டு மூன்று பேரும் போனோம். நாற்காலிக் கதையைச் சொல்லி, "உட்காரவே மாட்டேங்கறான் மேடம்" என்று புகார் கொடுத்தேன். அப்போதுதான் அந்தக் கேள்வி. "உங்களுக்கு உட்காரத் தெரியுமா ஸார்?"

என்னை உயரமான மேஜையின் விளிம்பில் உட்கார வைத்தார். கால் தரையில் படக் கூடாது. கையில் ஊசியும் நூலும். "கோருங்க பார்ப்போம்." நான் நூலை எச்சில்படுத்தி ஊசிக் காதருகே கொண்டுபோகும்போது, தோளில் மெல்ல ஒரு தள்ளு. மறுபடி கொண்டுபோனேன். இன்னொரு பக்கம் ஒரு தள்ளு. மூன்றாவது தள்ளில் ஊசி கீழே! என் இரண்டு கையும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன. அக்கா ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தாள்.

"கை எங்க போச்சு பாத்தீங்களா?" என்றார் அந்த அம்மாள். "விழாம இருக்கறது முதல் வேலை. ஊசி கோக்கறது அப்புறம். இப்ப உங்களை 'ஏன் கோக்கல, பிடிவாதக்காரா'ன்னு திட்டலாமா?"

நான் துரையைப் பார்த்தேன்.

"இவனுக்குக் கை வராதுன்னு நினைக்கறீங்க. கை வேலையிலதான் இருக்கு. கண்ணு, கழுத்து, வாய் எல்லாமே வேலையிலதான் இருக்கு. விழுந்துடாம இருக்கற வேலை. நாள் பூரா அதே வேலை. அதை நாற்காலி வாங்கிக்கிட்டா, கை சும்மா ஆகும். சும்மா ஆன கைதான் பொம்மையைத் தொடும்."

உட்காருவது ஓய்வு என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அது வேலையாம்! இந்தப் பத்தியைப் படிக்கும்போதுகூட உங்கள் முதுகும் வயிறும் இடுப்பும் சத்தமில்லாமல் டியூட்டி பார்க்கின்றன. டீ கிளாஸுக்குக் கை நீட்டுகிறீர்கள். கை கிளம்பும் முன்பே உடம்புத் தசைகள் இறுகித் தயாராகிவிடும். இல்லையென்றால் கை போகிற பக்கம் ஆளும் சாய்ந்துவிடுவான். நின்றபடி கையை உயர்த்துகிறவர்களிடம் இந்த முன்னேற்பாட்டை 1967-ல் சோவியத் ரஷ்ய விஞ்ஞானிகள் அளந்து காட்டினார்கள். நமக்கு இந்த ஏற்பாடு கேட்காமலே நடக்கிறது. துரையின் மூளையிலிருந்து அந்த முன்கூட்டிய உத்தரவு வருவதில்லை, அல்லது தாமதமாக, தாறுமாறாக வருகிறது.

இன்னொரு பரீட்சை. இதை ஆபீஸிலேயே செய்யலாம், மேனேஜர் பார்க்காத நேரத்தில். தலையைப் பின்னால் நன்றாகச் சாய்த்து, மோட்டுவளையைப் பார்த்தபடி எச்சிலை விழுங்கிப் பாருங்கள். கஷ்டமாக இருக்கிறதா? இப்போது முகவாயைக் கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் இறக்கி விழுங்குங்கள். வழுக்கிக்கொண்டு போகும்.

அதைச் செய்து காட்டிவிட்டு அக்காவிடம் அவர் மெதுவாகச் சொன்னார்: "மல்லாக்கப் போட்டு ஊட்டினா, தலை பின்னால போயி, சோறு மூச்சுக்குழாய்ப் பக்கம் போக வழி கிடைச்சிடும்மா. அதான் புரையேறுது. நெஞ்சுச்சளி அடிக்கடி வர்றதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கும். உங்க மேல தப்பில்ல. யாரும் சொல்லித் தரல."

அக்கா அழுதுவிட்டாள். நாலு வருடமாக ஒரு நாளைக்கு நாலரை மணி நேரம் அவள் ஊட்டியிருக்கிறாள்.

பானைக்குப் பிரிமணை

"முதல்ல தலையை நிமித்தணுமா மேடம்?" என்று கேட்டேன்.

"பானை உருளுதுன்னா வாயைப் பிடிப்பீங்களா? கீழ பிரிமணை வைப்பீங்களா?"

இடுப்பெலும்புதான் பிரிமணை. அது நேராக நின்றால் அதன் மேல் முதுகு நிற்கும். முதுகு நின்றால் தலை நிற்கும். நானோ நெஞ்சில் துண்டு கட்டினேன்!

துரையின் இடுப்பு ஏன் சறுக்குகிறது? தரையில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பாருங்கள். முதுகு தானாகக் கூன் போடும். தொடையின் பின்புறத் தசை, உட்காரும் எலும்பில் ஆரம்பித்து முழங்காலைத் தாண்டி முடிகிறது. காலை நீட்டினால் அது இடுப்பின் அடிப்பகுதியை முன்னால் இழுக்கும். நமக்கே அப்படியென்றால், அந்தத் தசை எப்போதும் இறுகியே கிடக்கிற பையனுக்கு? அதனால் முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், பாதத்துக்கு அடியில் பலகை வேண்டும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் 90 டிகிரி. அதை வைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார்கள். பிறகு பையனுக்கு ஏற்றபடி மாற்றுவார்கள். விறைத்து எம்புகிற குழந்தைக்கு இடுப்பு இன்னும் கொஞ்சம் அதிகமாக மடங்கினால் விறைப்பு குறையலாம்.

பெல்ட்? வயிற்றில் இல்லை, நெஞ்சில் இல்லை. தொடையும் இடுப்பும் சந்திக்கிற மடிப்பின் மேலே, கீழ்நோக்கிப் பின்பக்கமாகச் சாய்வாக இழுத்துக் கட்ட வேண்டும். இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு சின்ன முட்டு. இது கால் கத்தரி மாதிரிப் பின்னாமல் இருக்க. சறுக்குவதைத் தடுக்க அல்ல. அந்த வேலை இடுப்பு பெல்ட்டுக்கு.

"வளர்ற பிள்ளைன்னு பெரிய செருப்பு வாங்கலாம். பெரிய நாற்காலி வாங்கக் கூடாது" என்றார். கடைக்காரரும் நானும் சேர்ந்து வாங்கிய சீட் அவன் தொடையைவிட ஒரு சாண் நீளம். முதுகு பின்னால் சாயவே முடியாது. முதுகைச் சாய்க்க வேண்டுமென்றால் இடுப்பு முன்னால் சறுக்கித்தான் ஆக வேண்டும்.

பிடிவாதம் பிடித்தது நாற்காலி!

பழைய பேப்பர் சிம்மாசனம்

உடனே மரத்தில் செய்ய வேண்டாம், அளவு தப்பினால் வீண், முதலில் அட்டையில் செய்து பார்க்கலாம் என்றார் அந்த அம்மாள். ஜிம்பாப்வேயில் பெவில் பாக்கர் என்பவர் பழைய பேப்பரும் அட்டையும் மாவுப் பசையும் வைத்து உறுதியான சாமான்கள் செய்யும் முறையைப் பரப்பினார். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கு ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் இந்த முறையில் நாற்காலி செய்கிறார்கள்.

பழைய பேப்பருக்கா பஞ்சம்? என் பரணில் பத்து வருட வார இதழ்கள்! ஜோக்குகளுக்காகச் சேர்த்தவை. மனைவி எடைக்குப் போடச் சொல்லி, நான் மறுத்து, வீட்டில் அதனாலேயே மூன்று பெரிய சண்டைகள் நடந்திருக்கின்றன. பக்கத்துக் கடையில் ஃபிரிட்ஜ் அட்டைப் பெட்டிகள் கிடைத்தன.

2024 மே மாதம் ஒரு வாரம் லீவு போட்டேன். 'சீட் லீவு.' லால்குடி வீட்டுத் திண்ணையில் தொழிற்சாலை ஆரம்பம். துரையைப் பலகையில் சரியாக உட்கார வைத்து, அக்கா பிடித்துக்கொள்ள, அந்த அம்மாள் சொன்னபடி அளந்தேன். பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை 26 செ.மீ.; அதில் இரண்டு விரல் இடம் விட்டு, சீட் ஆழம் 23. இடுப்பு அகலம் 20. சீட் அகலம் 22. முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை 22. அதுதான் சீட்டுக்கும் கால் பலகைக்கும் நடுவே உள்ள உயரம்.

அட்டைகளை வெட்டி, நெளிவு வரிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக வருகிற மாதிரி ஆறு அடுக்கு ஒட்டி, மேலே அரிசி மூட்டையைப் பாரம் வைத்தோம். பிறகு விளிம்புகளுக்கெல்லாம் வார இதழ்த் தாளைக் கிழித்துக் கிழித்து ஒட்டினோம். எங்கள் ஆபீஸ் பைண்டர் அண்ணன், "பசையில கொஞ்சம் மயில்துத்தம் போடு தம்பி, பூச்சி அரிக்காது" என்று யோசனை சொல்லியிருந்தார். நல்லவேளை, போனில் கேட்டேன். "ஐயையோ, அது விஷம்! குழந்தை வாயில வைப்பான்" என்று அலறினார் தெரபிஸ்ட் அம்மாள். வெறும் மைதாப் பசைதான். கத்தரி வெயிலைத் திட்டாத ஒரே வருடம் அது. நாலு நாளில் அட்டை எலும்பு மாதிரி காய்ந்தது. தட்டினால் 'டொக்' என்றது.

பெயின்ட் அடிக்கும் முன் சோதனை. 74 கிலோ நான் ஏறி உட்கார்ந்தேன். அசையவில்லை. அடிச்சட்டமும் முன்னால் மாட்டுகிற தட்டுப்பலகையும் ஆசாரி செய்து கொடுத்தார். முதலில் அவருக்குச் சிரிப்பு. "காகிதத்துல நாற்காலியா தம்பி? எங்க பொழப்பைக் கெடுத்துடுவீங்க போலிருக்கே!" துரையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. தட்டுப்பலகையின் விளிம்பை மழமழவென்று இழைத்து, அவன் முழங்கை உயரத்துக்குச் சரியாகப் பொருத்திக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை.

1,800 ரூபாய் கண்ணாடி

தெரபிஸ்ட் அம்மாள் முன்னிலையில் பட்டாபிஷேகம் நடந்தது. இடுப்பைச் சீட்டின் கடைசி வரை தள்ளி உட்கார வைத்தார். பெல்ட். பாதம் பலகையில். இரண்டு பக்கமும் சுருட்டிய துண்டு. தட்டுப்பலகை மேல் இரண்டு கையும்.

அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை ஸார். வலது பக்கம் சாய்ந்தான். துண்டைத் தடிமனாக்கினோம். தலை தொங்கியது. பின்பலகையை இம்மியளவு சாய்த்தோம். பத்து நிமிடத்தில் அழுதான். இறக்கிவிட்டோம். மறுநாள் பன்னிரண்டு நிமிடம். ஒரு வாரத்தில் இருபது.

பதினோராவது நாள், ஞாயிற்றுக்கிழமை. நான் அவன் எதிரில் தரையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது துரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலு வருடத்தில் நான் அவனைக் குனிந்துதான் பார்த்திருக்கிறேன். அவன் என்னை அண்ணாந்துதான் பார்த்திருக்கிறான். நேருக்கு நேர் பார்த்தது அன்றுதான். "என்ன துரை?" என்று கிட்டே போனேன். அவன் வலது கை பலகையிலிருந்து கிளம்பியது. ஆடிக்கொண்டே, வழி தவறி, திரும்பி, மறுபடி கிளம்பி... பளார்!

என் மூக்குக்கண்ணாடி பறந்துபோய் அம்மிக்கல்லில் விழுந்து உடைந்தது. 1,800 ரூபாய்.

வீடே கைதட்டியது. துரைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துச் சிரித்து எச்சில் ஒழுகியது. மாமா மட்டும், "கண்ணாடிக்கு நான் காசு தர்றேன் மாப்ளே" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார்.

சோறும் இப்போது அந்த நாற்காலியில்தான். அக்கா எதிரே, அவன் கண் மட்டத்துக்குத் தாழ்வாக உட்கார்ந்து, கொஞ்சம் கெட்டியாகக் குழைத்து, முகவாய் தாழ்ந்திருக்கப் பார்த்து ஊட்டுகிறாள். புரையேறுவது நின்றுவிடவில்லை, குறைந்திருக்கிறது. ஒன்றரை மணி நேரம் முக்கால் மணியாகிவிட்டது.

நாற்காலி செய்யாத வேலை

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாற்காலி வைத்தியம் இல்லை. மூளையில் பட்ட அடியை அது ஆற்றாது. 'உட்கார்ந்தாச்சு, இனி நடந்துடுவான்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நாள் முழுக்க உட்கார வைப்பதும் தப்பு. அரை மணி, முக்கால் மணிக்கு ஒரு தரம் நிலை மாற வேண்டும். குப்புறப் படுக்கட்டும், ஒருக்களிக்கட்டும், சட்டத்தில் பிடிமானத்தோடு நிற்கட்டும், மடியில் இருக்கட்டும். எல்லாப் பக்கமும் முட்டுக்கொடுத்து அசையாமல் கட்டிப்போடுவது அதைவிடத் தப்பு. உடம்பின் பிடிமானம் மேலிருந்து கீழாக வருகிறது. முதலில் தலை, பிறகு நெஞ்சு, பிறகு இடுப்பு. தெரபிஸ்ட் அம்மாள் இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் முட்டை ஒரு விரல் கீழே இறக்கிப் பார்ப்பார். "தாங்காத இடத்துல நாம தாங்கணும். தாங்கற இடத்துல கையை எடுத்துடணும்" என்பார். நம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு வேலை சொல்லித் தருகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

இடுப்பு மூட்டையும் கவனிக்க வேண்டும். இந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, தொடை எலும்பின் பந்து கிண்ணத்தை விட்டு மெல்ல மெல்ல வெளியே நகர்கிறது. ஆரம்பத்தில் வலிக்காது. வலிக்கும்போது தாமதமாகியிருக்கும். அதனால் எலும்பு டாக்டர் சொல்கிற இடைவெளியில் எக்ஸ்ரே அவசியம்.

எல்லோரும் அட்டை வெட்ட வேண்டியதில்லை. மத்திய அரசின் அலிம்கோ நிறுவனம் (கான்பூரில் 1972-ல் ஆரம்பித்தது) இந்தக் குழந்தைகளுக்கென்றே நாற்காலி தயாரிக்கிறது. உதவி உபகரணத் திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்கு அது கிடைக்கும். தமிழக அரசும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் சிறப்புச் சக்கர நாற்காலி தருகிறது. 2016-ம் வருடச் சட்டத்தின் 21 வகை மாற்றுத்திறன்களில் மூளை முடக்குவாதமும் ஒன்று. 1999-ம் வருடத்து தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் 'நிராமயா' என்ற மருத்துவக் காப்பீடு இருக்கிறது. சென்னையில் 1985-லிருந்து இயங்கும் வித்யாசாகர், தென்காசி பக்கம் ஆய்க்குடியில் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் போன்ற இடங்களில் இதற்கென்று பழகிய கைகள் உண்டு. எங்கே வாங்கினாலும் சரி, பையனை அழைத்துக்கொண்டு போய், அளவெடுத்து வாங்குங்கள். என் போனஸ் போன வழியில் உங்கள் போனஸ் போக வேண்டாம்!

உட்கார வைக்கும் முன் ஒரு நோட்டம்

* இடுப்பு சீட்டின் பின்பக்கத்தைத் தொடுகிறதா? இல்லையென்றால் மற்றது எதுவும் சரியாக வராது.

* சீட் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா?

* இரண்டு பாதமும் முழுதாகப் பலகையில் பதிகின்றனவா? காற்றில் தொங்கக் கூடாது.

* பெல்ட் தொடை மடிப்பில் இருக்கிறதா? வயிற்றுக்கோ நெஞ்சுக்கோ ஏறியிருந்தால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். பெல்ட் போட்ட குழந்தையைத் தனியே விட்டுப் போகாதீர்கள்.

* தட்டுப்பலகை முழங்கை உயரத்தில் இருக்கிறதா? தோள் காதைத் தொட்டால் பலகை உயரம்.

* இறக்கியதும் தோலைப் பாருங்கள். சிவந்த இடம் அரை மணியில் மறையவில்லையென்றால் அங்கே அழுத்துகிறது.

* ஆறு மாதத்துக்கு ஒரு தரம் மறு அளவு. வளர்கிற பிள்ளையல்லவா!

இவையெல்லாம் தெரபிஸ்டைப் பார்ப்பதற்குப் பதிலாக அல்ல. பார்த்த பிறகு மறக்காமலிருக்க.

துரைக்கு அட்டை நாற்காலி போதாமல் போய், ஆசாரி மரத்திலேயே இரண்டாவது செய்து கொடுத்துவிட்டார். (இந்தத் தடவை கட்டாயப்படுத்திக் கூலி கொடுத்தேன்.) பழையது வீணாகவில்லை. தெரபிஸ்ட் அம்மாளிடம் வருகிற ஒரு மூன்று வயதுப் பெண் குழந்தை அதில் உட்கார்ந்திருக்கிறாள். பெயின்ட் கொஞ்சம் உரிந்த இடத்தில் பழைய ஜோக் ஒன்று பாதி தெரிகிறதாம். மீதிப் பாதி எனக்கு ஞாபகம் வரவில்லை.

அக்காவின் மாமியார் கிரகணத்தைப் பற்றி இப்போதெல்லாம் பேசுவதில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை, அந்தத் தலைமுறைக்கு அது வராது. ஆனால் மாலையில் பேரனின் நாற்காலிக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தட்டுப்பலகையில் பூக்களைக் கொட்டி வைத்துக்கொண்டு தொடுக்கிறார். துரை ஒவ்வொரு பூவாகத் தள்ளித் தள்ளித் தருகிறான். பாதி கீழே விழும். "பரவால்லடா ராசா, மெதுவா குடு" என்று பொறுக்கி எடுத்துக்கொள்கிறார்.

தினமும் மதியம் சாப்பாட்டு வேளையில் லால்குடிக்குப் போன் போடுவேன். முன்பெல்லாம் "அவன் எப்படிக்கா இருக்கான்?" என்று பயந்துகொண்டே கேட்பேன். இப்போது கேட்கிற கேள்வியே வேறு.

"அக்கா, துரை சீட்ல இருக்காரா?"

"இருக்காருடா. ரொம்ப பிஸி. சாயங்காலமா வா!"